நம் மருந்தாளுநர் கடைசியாகப் படித்தது எப்போது?

புற்றுநோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் ஆண்டுக்கு ஆண்டு புது மருந்துகள் வந்து இறங்குகின்றன. அவற்றை நம் கையில் எடுத்துக் கொடுப்பவருக்குச் சட்டம் கேட்பதோ ஐந்து ஆண்டில் இரண்டு நாள் வகுப்பு!

காலை எட்டு மணி. சென்னையின் பெரிய புற்றுநோய் மருத்துவமனை எதற்குள் நுழைந்தாலும் டே-கேர் வாசலில் இந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம். கையில் ஃபைல், தோளில் துணிப்பை, பைக்குள் இட்லி டப்பாவும் வெந்நீர் பிளாஸ்க்கும். டோக்கன் நம்பர் கூப்பிட்டதும் எழுந்துபோய் ரத்தம் கொடுத்துவிட்டு, மறுபடியும் அதே நாற்காலிக்கு வந்து உட்கார்கிறார்கள். 'கீமோ இன்னிக்கு உண்டா, இல்லையா?' ரிப்போர்ட் வந்தால்தான் தெரியும்.

அவர்கள் கண்ணில் படாத ஓர் அறை உள்ளே இருக்கிறது. கழுத்துவரை மூடிய கவுன், இரண்டு அடுக்கு கையுறை, முகக்கவசத்தோடு ஒருவர் கண்ணாடித் தடுப்பு வைத்த பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மருந்துக் குப்பியைத் தொடுவதற்கு முன்னால் அவர் கையில் எடுப்பது ஒரு தாளை. அதில் நோயாளியின் உயரம், எடை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு, மருந்தின் பெயர், எத்தனையாவது சைக்கிள் என்பதெல்லாம் இருக்கும். அவர்தான் மருந்தாளுநர், பேச்சுவழக்கில் பார்மசிஸ்ட்.

உதாரணத்துக்கு ஒரு சீட்டு. நுரையீரல் புற்றுநோய், கார்போபிளாட்டினும் பெமிட்ரெக்ஸெட்டும் சேர்ந்த சிகிச்சை. கார்போபிளாட்டினை எடை பார்த்துக் கொடுப்பதில்லை, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கால்வெர்ட் என்ற மருத்துவர் 1989-ல் வெளியிட்ட சூத்திரம் அது. வடிகட்டும் வேகத்தோடு 25-ஐக் கூட்டி, டாக்டர் குறித்த இலக்கு எண்ணால் பெருக்க வேண்டும். இலக்கு 5, வேகம் 90 என்றால் 575 மில்லிகிராம். மூன்று வாரம் கழித்து அதே நோயாளிக்கு வேகம் 50 ஆகக் குறைந்திருந்தால் 375 மில்லிகிராம்தான். போன முறை சீட்டையே பார்த்து இந்த முறையும் கலந்தால் 200 மில்லிகிராம் கூடுதலாக உள்ளே போகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவது வாரம் பிளேட்லெட் சரிந்து, பல் தேய்க்கும்போது ரத்தம் வரும்.

பெமிட்ரெக்ஸெட்டில் வேறொரு கண்ணி இருக்கிறது. ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை, ஒரு வாரம் முன்னால் பி12 ஊசி, அதற்குப் பிறகு ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை அதே ஊசி, கீமோவுக்கு முந்தின நாளும் அன்றும் மறுநாளும் டெக்ஸாமெத்தசோன். இந்த வைட்டமின்கள் இல்லாமல் கொடுத்த ஆரம்பகாலச் சோதனைகளில் உயிரிழப்புகள் நேர்ந்தன. சேர்த்த பிறகுதான் மருந்து தாங்கக்கூடியதாக ஆனது. 'பி12 ஊசி கடைசியா என்னிக்குப் போட்டீங்க?' என்று மருந்தாளுநர் கேட்கிறார் என்று வையுங்கள். 'அது சத்து ஊசிதானே, அப்புறம் போட்டுக்கலாம்னு ஊர்ல கடைக்காரர் சொன்னாரு சார்' என்று பதில் வந்தால்?

அந்தக் கடைக்காரரும் பதிவுபெற்ற மருந்தாளுநர்தான். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் படித்த காலத்தில் அந்த மருந்தே கிடையாது.

■ 1991-ல் நின்றுபோன பாடம்

நம் மருந்துக்கடைகளிலும் அரசு மருத்துவமனைகளிலும் வேலை செய்யும் பெரும்பாலானோர் பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு டி.ஃபார்ம் முடித்தவர்கள். அதற்கு மேல் மருத்துவமனையிலோ கடையிலோ 500 மணி நேரப் பயிற்சி, பிறகு மாநில மருந்தாளுநர் கவுன்சிலில் பதிவு. இந்த டிப்ளமோவின் பாடத்திட்ட விதிகளை இந்திய மருந்தாளுநர் கவுன்சில் வகுத்தது 1991-ல். அடுத்த திருத்தம் 2020-ல்தான் வந்தது. நடுவே 29 ஆண்டுகள்!

அந்த 29 ஆண்டுகளில்தான் புற்றுநோய் மருத்துவமே தலைகீழாக மாறியது. புற்றணுவைக் குறிவைக்கும் மாத்திரைகள், நோய் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் ஊசிகள், ரத்தத்தில் மரபணு மாற்றம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சிகிச்சை எல்லாம் இந்த இடைவெளியில் வந்தவை. 2019-ல் டிப்ளமோ வாங்கி வெளியே வந்த இளைஞருக்குக்கூட 1991-ன் சட்டகத்தில்தான் பாடம் நடந்தது. அதன்பிறகு அவர் தானாகத் தேடிப் படித்திருந்தால் உண்டு.

டாக்டர் எழுதுகிறார், இவர் எடுத்துக் கொடுக்கிறார், இதில் என்ன பெரிய படிப்பு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. டாக்டர் ஒரு நோய்க்கு எழுதுகிறார். அந்த நோயாளிக்கு இதய டாக்டர் ஒருவர், சர்க்கரை டாக்டர் ஒருவர், ஊரில் காய்ச்சலுக்குப் பார்க்கும் டாக்டர் ஒருவர் என்று தனித்தனியாக இருக்கிறார்கள். இத்தனை சீட்டுகளும் ஒன்றாக வந்து சேரும் ஒரே இடம் மருந்துக்கடை மேசை.

┌ பெட்டிச் செய்தி: எந்த மருந்து எப்போது வந்தது? ┐
(அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்த ஆண்டு)

1998: டிராஸ்டுஸுமாப், மார்பகப் புற்றுநோய்
2001: இமாடினிப், நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்
2003: ஜெஃபிடினிப், நுரையீரல் புற்றுநோய்
2004: பெமிட்ரெக்ஸெட், நுரையீரல் உறைப் புற்றுநோய், பிறகு நுரையீரல் புற்றுநோய்
2012: பெடாகுவிலின், மருந்துக்கு அடங்காத காசநோய்
2014: பெம்ப்ரோலிஸுமாப், முதலில் தோல் புற்றுநோய், அடுத்த ஆண்டு நுரையீரல்
2015: ஆசிமெர்டினிப், நுரையீரல் புற்றுநோய்
└───────────────┘

■ 'கேஸ் மாத்திரை'யும் கேன்சர் மாத்திரையும்

2022-ல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர் என்று உலகப் புற்றுநோய்க் கணக்கான குளோபோகான் மதிப்பிடுகிறது. அதில் நுரையீரல் புற்றுநோய் மட்டும் சுமார் 80 ஆயிரம். இவர்களில் ஒரு பகுதியினருக்கு இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். ஆசியர்களிடம் இது கூடுதலாகவே காணப்படுகிறது. இவர்களுக்கு ஆஸ்பத்திரியில் படுத்து டிரிப் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை; வீட்டிலிருந்தபடியே தினம் ஒரு மாத்திரை. ஜெஃபிடினிப், எர்லோடினிப், ஆசிமெர்டினிப் போன்றவை.

இங்கேதான் ஆபத்து சத்தமில்லாமல் உள்ளே வருகிறது. நம் ஊரில் எந்தச் சீட்டை எடுத்தாலும் முதல் வரியில் ஒரு 'கேஸ் மாத்திரை' இருக்கும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ராபிபிரசோல் என்று ஏதோ ஒன்று. சீட்டில் இல்லாவிட்டாலும் நாமே கேட்டு வாங்கிக்கொள்கிறோம். ஜெஃபிடினிப்பும் எர்லோடினிப்பும் கரைந்து ரத்தத்தில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கிவிட்டால் மருந்து சரியாக ஏறாது. எர்லோடினிப்போடு ஒமிபிரசோல் சேரும்போது ரத்தத்தில் கிடைக்கும் மருந்து ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. நோயாளி ஒருநாள்கூடத் தவறாமல் மாத்திரை போடுவார். ஆனால் கட்டி வளரும். மருந்து இவருக்குக் கேட்கவில்லை என்று முடிவுகட்டி, அடுத்த கட்ட சிகிச்சைக்கு மாற்றிவிடுவார்கள்.

ஆசிமெர்டினிப்புக்கு இந்தப் பிரச்னை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே வகை மருந்துகளுக்குள்ளேயே ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது. எர்லோடினிப்பை வெறும் வயிற்றில் போட வேண்டும். அலெக்டினிப்பை உணவோடு போட வேண்டும். இதையெல்லாம் ஒருமுறை படித்துவிட்டு ஆயுளுக்கும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. திரும்பத் திரும்பப் படித்தால்தான் கைக்கு வரும்.

காசநோய் கலந்தால் நிலைமை இன்னும் மோசம். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். நுரையீரல் புற்றுநோயையும் காசநோயையும் எக்ஸ்ரேயில் மாற்றிப் புரிந்துகொள்வதும், இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் நம் டாக்டர்களுக்குப் பழகிப்போன சங்கடம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டுப் பல மருந்துகளை வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். ஜெஃபிடினிப்போடு சேரும்போது ரத்தத்தில் கிடைக்கும் அளவு 83 சதவீதம்வரை குறைகிறது. மாத்திரை போட்டும் போடாத கணக்குத்தான். காசநோய் மருந்து அரசு மையத்தில் இலவசமாகக் கிடைக்கும். புற்றுநோய் மாத்திரை தனியார் கடையில் வாங்குவது. இரண்டு மருந்தாளுநர்களும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இந்தியாவுக்குத் தேவையான மருந்தாளுநர் புற்றுநோய், நுரையீரல் இரண்டும் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று பீடி, சிகரெட். புகையில் உள்ள சில பொருள்களும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடும். புகைப்பவருக்கு எர்லோடினிப் ரத்தத்தில் குறைவாகவே நிற்கும். நம் ஊர் வீசிங்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த டெரிஃபிலினில் இருக்கும் தியோஃபிலினுக்கும் இதே கதைதான். இருபது வருடமாக பீடி குடித்தவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் பீடியை விட்டுவிடுகிறார். நல்ல விஷயம். ஆனால் அதே டோஸ் தியோஃபிலின் இப்போது ரத்தத்தில் தேங்க ஆரம்பிக்கும். குமட்டல், கை நடுக்கம், படபடப்பு வரும். பீடியை விட்டதால் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் நினைப்பார்கள். அவரே மறுபடியும் பற்றவைத்துவிடவும்கூடும். டோஸைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் ஒரு வார்த்தை பேச, விஷயம் தெரிந்த ஒரு மருந்தாளுநர் போதும்.

■ இருமலுக்கு சிரப் கேட்டு வருபவர்

பெம்ப்ரோலிஸுமாப், நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி ஊசிகள் ஒரு டோஸே லட்சத்தைத் தொடக்கூடியவை. சிலருக்கு இவை வருடக்கணக்கில் ஆயுளைக் கொடுத்திருக்கின்றன. ஆனால் தட்டியெழுப்பிய எதிர்ப்புச் சக்தி சில நேரம் சொந்த நுரையீரலையே தாக்கும். நூற்றில் மூன்று நான்கு பேருக்கு வரக்கூடிய இந்த அழற்சியின் பெயர் நிமோனைடிஸ். வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு, சில சமயம் லேசான காய்ச்சல் என்றுதான் ஆரம்பிக்கும். மார்பில் கதிர்வீச்சு முடித்தவர்களுக்கும் ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் இதே போன்ற அழற்சி வரலாம்.

இந்த நோயாளி முதலில் எங்கே போவார்? சென்னையில் இருக்கும் புற்றுநோய் டாக்டரிடமா? இல்லை, தெருமுனை மெடிக்கல்ஸுக்கு. அங்கே ஒரு சிரப், ஐந்து நாளைக்கு அசித்ரோமைசின், ஒரு கேஸ் மாத்திரை. அவருக்கு வேண்டியது ஊசியை நிறுத்தி, ஸ்கேன் எடுத்து, ஸ்டீராய்டு ஆரம்பிப்பது. நாள் தள்ளிப்போகப் போக நுரையீரல் திரும்பிவரும் வாய்ப்பு குறையும். 'வேற எதுக்காவது வைத்தியம் பாக்குறீங்களா?' என்று கவுண்டரில் கேட்டு, இம்யூனோதெரபி என்ற பதில் வந்ததும் சிரப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு 'இன்னிக்கே உங்க டாக்டருக்கு போன் போடுங்க' என்று சொல்லக்கூடியவர் அந்த உயிரைக் காப்பாற்றியவர்.

பழைய மருந்துகளிலும் இப்படி உண்டு. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்கும் விதைப்பைப் புற்றுநோய்க்கும் கொடுக்கும் பிளியோமைசின் நுரையீரலைத் தழும்பாக்கக்கூடியது. மொத்த அளவு 400 யூனிட்டைத் தாண்டினால் ஆபத்து வேகமாக ஏறும். ஒவ்வொரு சைக்கிளிலும் கொடுத்ததைக் கூட்டிக்கொண்டே வருவது மருந்தாளுநரின் கணக்கு. இருபத்தைந்து வயதில் முழுதாகக் குணமான ஒருவர் பின்னாளில் ஹெர்னியா ஆபரேஷனுக்குப் போகும்போதும் இதை மயக்க டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். ஆபரேஷனில் கொடுக்கும் அதிகச் செறிவு ஆக்சிஜன் அந்த நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை மருத்துவ நூல்களில் இருக்கிறது. குணமாகி வீட்டுக்கு அனுப்பும் அன்று இதை ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்பவர் யார்?

■ நீல இன்ஹேலரும் பழைய பாடமும்

2016 கணக்குப்படி இந்தியாவில் சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவர்கள் சுமார் 5.5 கோடி, ஆஸ்துமா உள்ளவர்கள் ஏறத்தாழ 3.8 கோடி. மூச்சு இறுக்கினால் நீல இன்ஹேலரை எடுத்து இரண்டு பஃப் அடிப்பதுதான் நமக்குத் தெரிந்த வைத்தியம். அதிலுள்ள சால்பியூட்டமால் குழாயை விரித்துவிடும். உள்ளிருக்கும் வீக்கத்தைத் தொடாது. ஆஸ்துமாவுக்கு இதை மட்டும் கொடுப்பது பாதுகாப்பில்லை, உறிஞ்சும் ஸ்டீராய்டு சேர்ந்தே இருக்க வேண்டும் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான கினா 2019-ல் அறிவித்தது. ஐம்பது ஆண்டுப் பழக்கத்தை மாற்றிய அறிவிப்பு அது.

ஒரு நீல இன்ஹேலரில் 200 பஃப். ஆண்டுக்கு மூன்று காலியானாலே நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். மாதம் ஒன்று வீதம் பன்னிரண்டு காலியானால் ஆஸ்துமாவில் இறக்கும் ஆபத்தே கூடுகிறது. மாதாமாதம் வந்து 'அந்த நீலக் கலர் குடுங்க' என்று வாங்கிப்போகும் முகம் கடைக்காரருக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரிய வழியே இல்லை. 2019-க்குப் பிறகு ஒரு நாள் வகுப்பில் இதைக் கேட்டவரும் கேட்காதவரும் ஒரே வெள்ளைக் கோட்டில்தான் நிற்கிறார்கள்.

இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது, அடித்துக் காட்ட வேண்டும். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டை இறுக்கி, மெதுவாக உள்ளிழுக்கும்போது அமுக்கி, பத்து வரை எண்ணி மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும். ஸ்டீராய்டு என்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய ரோட்டாகேப்பைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு 'ஒண்ணும் கேக்கலை' என்று திரும்பி வருபவர்கள் உண்டு. படித்த நாடுகளிலும் இது நடக்கிறது. இதேபோல் உறிஞ்ச வேண்டிய டியோட்ரோபியம் கேப்சூலை விழுங்குகிறார்கள் என்று அமெரிக்க மருந்துத் துறை 2008-ல் எச்சரிக்கையே வெளியிட வேண்டி வந்தது.

┌ பெட்டிச் செய்தி: மூன்று மரணங்கள் ┐

பாஸ்டன், 1994: 'பாஸ்டன் குளோப்' நாளிதழின் மருத்துவப் பத்தி எழுத்தாளர் பெட்ஸி லேமன், 39 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு நான்கு நாளில் பிரித்துக் கொடுக்க வேண்டிய சைக்ளோஃபாஸ்ஃபமைடின் மொத்த அளவை, ஒவ்வொரு நாளும் கொடுக்க வேண்டியதாகப் புரிந்துகொண்டு நான்கு நாளும் கொடுத்தார்கள். டாக்டர்கள், நர்ஸ்கள், மருந்தாளுநர்கள் எல்லாரையும் தாண்டிப் போனது அந்த எண். டிசம்பர் 3-ல் அவர் இறந்தார். தவறு வெளியே தெரிந்ததே இரண்டு மாதம் கழித்து.

நாட்டிங்காம், 2001: 18 வயது இளைஞருக்கு ரத்தநாளத்தில் போட வேண்டிய வின்கிரிஸ்டின் முதுகுத்தண்டு நீரில் செலுத்தப்பட்டது. ஒரு மாதத்தில் மரணம். வின்கிரிஸ்டினை சிரிஞ்சில் கொடுக்காமல் சிறு பையில் கலந்தே கொடுங்கள் என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. முதுகில் யாரும் டிரிப் பையை ஏற்றமாட்டார்கள்.

எட்மண்டன், 2006: ஃபுளூரோயூராசில் பம்ப் நான்கு நாள் ஓட வேண்டும்; நான்கு மணி நேரத்தில் காலியானது. மணிக்கு 1.2 மில்லி என்பதற்குப் பதில் 28.8 என்று பதிவாகியிருந்தது. மருந்தகம் ஒட்டிய லேபிளிலேயே இரண்டு எண்களும் இருந்தன: ஒன்று மணிக்கு, இன்னொன்று 24 மணி நேரத்துக்கு. அந்தப் பெண்ணுக்கு வயது 43. மூன்று வாரத்தில் இறந்தார்.
└───────────────┘

■ ஏழு ஆண்டில் நூறு மணி. ஐந்து ஆண்டில் இரண்டு நாள்

அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாளுநர் என்பது 1996-லிருந்து அங்கீகாரம் பெற்ற தனிச் சிறப்புத் துறை. தேர்வு எழுதிச் சான்று வாங்கினாலும் அது ஏழு ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்குள் மறுதேர்வு எழுத வேண்டும். அல்லது புற்றுநோய்ப் பாடத்திலேயே நூறு மணி நேரத் தொடர்கல்வியைத் தேர்ச்சியோடு முடிக்க வேண்டும். பிரிட்டனில் மருந்தாளுநர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஆறு பதிவுகள் தர வேண்டும்: புதிதாகக் கற்று வேலையில் பயன்படுத்தியது நான்கு, சக ஊழியரோடு கலந்து பேசியது ஒன்று, தன் பணியைத் திரும்பிப் பார்த்து எழுதியது ஒன்று. அங்கே ஒரு கீமோ சீட்டு, அதற்கென்று பயிற்சி பெற்ற மருந்தாளுநர் சரிபார்க்காமல் நோயாளியிடம் போகாது.

நம் நாட்டில் 1948-ன் மருந்தாளுநர் சட்டம் இருக்கிறது. 2015-ல் வந்த மருந்தாளுநர் பணி விதிமுறைகள் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கின. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் கேட்பது என்ன? ஐந்து ஆண்டில், ஒவ்வொன்றும் ஒரு நாளுக்குக் குறையாத இரண்டு புத்தாக்கப் பயிற்சிகள். இருமல் சிரப் விற்பவருக்கும் கீமோ கலப்பவருக்கும் ஒரே அளவு. அந்த ஒரு நாளிலும் குத்துவிளக்கு, பொன்னாடை, தலைமையுரை போக மிச்ச நேரத்தில்தான் பாடம். கடைசியில் எல்லாருக்கும் சான்றிதழ். யாருக்கு எது புரிந்தது என்று கேட்கும் தேர்வு அந்த விதியில் இல்லை.

தொடர்கல்வியை உரையாக நடத்தினால் பயன் குறைவு என்பது என் உறுதியான கருத்து. நிஜச் சீட்டுகளில் பெயரை மறைத்து இருபதைக் கையில் கொடுத்து, 'இதில் எதை நிறுத்துவீர்கள், யாருக்கு போன் போடுவீர்கள், என்ன சொல்வீர்கள்?' என்று கேட்க வேண்டும். டாக்டரிடம் பேசுவதற்கே தனிப் பயிற்சி வேண்டும். 'சார், டோஸ் தப்பு' என்று சொல்லத் தயங்கித்தான் பல தவறுகள் கவுண்டரைக் கடக்கின்றன. காலிக் குப்பியை உடைத்து அழிப்பதும் இந்தப் படிப்பில் சேர வேண்டும். விலை உயர்ந்த இம்யூனோதெரபி ஊசிகளின் காலிக் குப்பிகளில் மலிவான மருந்தை நிரப்பி விற்ற கும்பலை 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் பிடித்தது நினைவிருக்கலாம்.

யார் செலவில் என்பதும் முக்கியம். மருந்து கம்பெனி நடத்தும் வகுப்பில் அந்தக் கம்பெனியின் மருந்து மட்டும் நன்றாகத் தெரியும். இந்தக் கல்விக்கு அரசும் மருத்துவமனையும்தான் காசு போட வேண்டும்.

■ ஆறு ஆண்டு படித்தவர் எங்கே?

இதற்கென்றே படித்தவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். 2008-ல் இந்தியாவில் ஃபார்ம்.டி. என்ற ஆறாண்டுப் படிப்பு தொடங்கியது. கடைசி ஆண்டு முழுக்க வார்டில் பயிற்சி. நோயாளியின் கேஸ் ஷீட்டைப் படிக்கவும், மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைக் கண்டுபிடிக்கவும் பழகியவர்கள். 2021-ல் பணி விதிமுறைகளைத் திருத்தி, கிளினிக்கல் பார்மசிஸ்ட், மருந்துத் தகவல் மருந்தாளுநர் என்று பதவிப் பெயர்களையும் சேர்த்தார்கள். பெயர் வந்த வேகத்தில் அரசு மருத்துவமனைகளில் பணியிடம் வரவில்லை. படித்து முடித்தவர்களில் பலர் வெளிநாட்டு உரிமத் தேர்வுக்குத் தயாராகிறார்கள். அல்லது மருந்து கம்பெனிகளின் பக்கவிளைவுப் பதிவு வேலைக்கு, கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு ஆண்டு படித்தவருக்கு வார்டில் நாற்காலி போடாதது நம் தவறு.

2019-ல் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளின் வியாபார லாபத்துக்கு 30 சதவீத உச்சவரம்பு வைத்தது. விலை இறங்கியது, நல்லது. ஆனால் விலை இறங்கிய மாத்திரையைக் கேஸ் மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் அந்தக் காசும் வீண்தானே?

┌ பெட்டிச் செய்தி: கவுண்டரில் நீங்கள் செய்ய வேண்டியது ┐

புற்றுநோய் மாத்திரை சாப்பிடுபவர் எந்தக் கடைக்குப் போனாலும், வாங்குவது தலைவலி மாத்திரையாக இருந்தாலும், அதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா? கேஸ் மாத்திரை சேரலாமா? ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது? இந்த மூன்றையும் கேட்டு, அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். கீமோ, இம்யூனோதெரபி, மார்பில் கதிர்வீச்சு இவற்றில் எது நடந்திருந்தாலும் புது இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் கடையில் மருந்து வாங்காதீர்கள். இன்ஹேலரை அடித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். பீடி, சிகரெட்டை விட்டிருந்தால் அதையும் டாக்டரிடமும் மருந்தாளுநரிடமும் சொல்லுங்கள்.
└───────────────┘

■ சென்னையிலேயே எல்லாம் இருக்கிறது

வீட்டிலிருந்தே மருந்து என்ற வழியை உலகத்துக்குக் காட்டிய ஊர்களில் சென்னை முதன்மையானது. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், சானடோரியத்தில் படுக்கவைத்துச் செய்யும் சிகிச்சையும் வீட்டில் வைத்துச் செய்யும் சிகிச்சையும் ஒரே அளவுக்குப் பலன் தருகின்றன என்று 1959-ல் காட்டியது. 'மெட்ராஸ் ஆய்வு' என்று இன்றும் பேசப்படுவது அதுதான். அந்த ஆய்வில் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. வீடு தேடிப் போனார்கள், மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். இன்று புற்றுநோய் மாத்திரை அதேபோல் வீட்டுக்குப் போகிறது. கூடப் போக வேண்டிய கண்காணிப்பு போகவில்லை.

அந்த மையம்தான் இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிலையம் அடையாறில் இருக்கிறது. 1928-ல் தொடங்கிய சானடோரியம்தான் இன்றைய தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை. சென்னை மருத்துவக் கல்லூரிக்கென்று மருந்தியல் கல்லூரியே இருக்கிறது. ஒரு பேருந்துப் பயணத் தூரத்துக்குள் புற்றுநோயும் காசநோயும் ஆஸ்துமாவும் மருந்தியலும் சேர்ந்திருக்கும் ஊர்கள் உலகில் எத்தனை இருக்கும்?

என் யோசனை இது: மாதம் ஒரு சனிக்கிழமை மருந்தாளுநர்களுக்கு வகுப்பு, ஒரு வருடம். ஆறு அடையாறில், ஆறு தாம்பரத்தில். திண்டிவனத்திலும் செய்யாறிலும் கடை வைத்திருப்பவர் வந்துபோக, இழக்கும் அரை நாள் வருமானத்துக்கு ஈடாக ஒரு படி. முடிவில் தேர்வு. தேறியவர் கடை வாசலில், புற்றுநோய் மற்றும் நுரையீரல் மருந்துகளில் பயிற்சி பெற்றவர் என்று ஒரு பலகை. நோயாளிகள் தேடிப் போவார்கள். பக்கத்துக் கடைக்காரரும் அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பார்.

வகுப்புக்கு வர முடியாதவருக்கு ராத்திரி எட்டு மணிக்குக் கவுண்டரில் சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள் வேண்டும். 104 என்ற மருத்துவ உதவி எண் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இயங்குகிறது. அங்கே ஒரு நாற்காலியை ஃபார்ம்.டி. முடித்த கிளினிக்கல் பார்மசிஸ்ட் ஒருவருக்கு ஒதுக்குவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. சுகாதாரத் துறையின் ஓர் உத்தரவு போதும்.